சாக்சா வோர்ட்: மூடிய பிறகு மீண்டும் திறக்க வேண்டியிருந்த ஒரு ரேடார் நிலையத்தின் வரலாறு

பதிவு 1: வடகடல்நோக்கி

அனைவருக்கும் வணக்கம். விமானப்படைத் தளங்களின் வரலாற்றை இக்களத்தில் பலமுறை விவாதித்திருக்கிறோம். ஆனால் ஓடுபாதையும் போர்விமானமும் இல்லாமல், ஒரு மலையுச்சியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை மட்டுமே வேலையாகக் கொண்ட தளங்களைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அத்தகைய ஒன்றைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். பிரிட்டிஷ் விமானப்படையின் சாக்சா வோர்ட் நிலையம்தான் அது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தில் மக்கள் வாழும் கடைசித் தீவு அன்ஸ்ட். அதற்கப்பால் மக்கிள் ஃப்ளக்கா கலங்கரை விளக்கம் நிற்கும் பாறையும் இன்னும் ஒரு சிறு பாறைத் திட்டும் இருக்கின்றன. பிறகு வடதுருவம் வரை கடலும் பனியும்தான். அத்தீவின் வடகோடியில் 285 மீட்டர் உயரத்தில் நிற்கும் குன்றின் பெயரே நிலையத்தின் பெயராகவும் ஆயிற்று. பெயரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. சாக்சி என்பவன் அங்கு வாழ்ந்ததாகத் தீவுமக்கள் சொல்லும் ஓர் அரக்கன். குடாவுக்கு எதிர்ப்புறம் ஹெர்மனெஸ் குன்றில் ஹெர்மன் என்ற இன்னோர் அரக்கன் இருந்தானாம். இருவரும் ஓயாமல் சண்டையிட்டு ஒருவர்மேல் ஒருவர் பாறைகளை வீசிக்கொண்டார்களாம். 'வோர்ட்' என்பது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். எதிரிக் கப்பல் தென்பட்டால் தீமூட்டி அறிவிப்பதற்கான காவல்மேடு என்று பொருள். ஆக, ரேடார் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்தக் குன்று அதே வேலையைத்தான் செய்திருக்கிறது.

இரண்டாம் உலகப்போரில், 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியதும், அதுவரை ஒதுங்கிக் கிடந்த ஷெட்லாந்து எதிரிக்கு நேர் எதிரே உள்ள முன்வரிசையாக மாறியது. குன்றின் மேல் கடற்படை ஒரு ரேடார் அமைத்தது. அருகே ஸ்கா என்ற இடத்தில் விமானப்படையின் ரேடார் நிலையம் எழுந்தது. போர் முடிந்தபின் இவை கைவிடப்பட்டன. ஆனால் சோவியத் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றிய அச்சம் பெருகியதால், பிரிட்டன் தன் ரேடார் வலையைப் புதுப்பிக்க 'ரோட்டார்' என்ற பெருந்திட்டத்தை மேற்கொண்டது. அதன் பிற்பகுதியில் சாக்சா வோர்ட் மீண்டும் கட்டப்பட்டு 1957-இல் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் பகலிரவாக இயங்கியபின், 2005 ஜூலையில் மூடல் அறிவிப்பு வந்தது. 2006 ஏப்ரலில் நிலையம் மூடப்பட்டது. பிறகு 2017-இல், அதே குன்றில் 1 கோடி பவுண்டு செலவில் புதிய ரேடார் நிறுவப்படும் என்று அரசு அறிவித்தது. 2018-இல் அது இயங்கத் தொடங்கியது.

என் கேள்வி இதுதான்: 2006-இல் எடுத்த முடிவு தவறு என்று கொள்ளலாமா? நான் அப்படித்தான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

பதிவு 2: பழைய ரேடார்காரன்

நல்ல இழை. அரசியலுக்குப் போகுமுன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் இந்தக் குன்றின் வரலாறு முழுவதையும் அந்தக் கணக்குதான் நடத்துகிறது.

ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்கிறது, பூமியோ வளைந்திருக்கிறது. காற்றுமண்டலம் அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதையும் சேர்த்துக்கொண்டால், அலைவாங்கியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது கிடைக்கும். 285 மீட்டர் உயரத்துக்கு விடை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். விமானத்துக்கும் இதே கணக்கைப் போட்டு இரண்டையும் கூட்ட வேண்டும். 10,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தைக் கோட்பாட்டளவில் 480 கிலோமீட்டர் தொலைவிலேயே பார்க்கலாம். அதே விமானம் கடலுக்கு மேல் 100 மீட்டரில் தாழப் பறந்து வந்தால் 110 கிலோமீட்டரில்தான் புலப்படும். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், முதல் வகையில் 36 நிமிடம் கிடைக்கிறது. இரண்டாம் வகையில் 8 நிமிடம். கரையோரத்தில் 10 மீட்டர் உயரத்தில் ஒரு ரேடாரை வைத்திருந்தால் அந்த 8 நிமிடமும் 4 நிமிடமாகச் சுருங்கும். குன்றின் மதிப்பு அந்த 4 நிமிடத்தில் இருக்கிறது.

போர்க்காலத்து 'செயின் ஹோம்' ரேடார்கள் 10 மீட்டருக்கும் மேற்பட்ட அலைநீளத்தில், உயரமான கோபுரங்களிலிருந்து அலையைப் பரப்பின. உயரப் பறப்பவை அவற்றுக்குத் தெரிந்தன. கடலைத் தொட்டாற்போல் வருபவை தெரியவில்லை. அந்தக் குறையை நிரப்புவதற்கே 1.5 மீட்டர் அலைநீளத்தில் தாழ்நோக்கு ரேடார்கள் வந்தன. 1950-களில் வந்த டைப் 80 ரேடார் 10 சென்டிமீட்டர் அளவிலான அலைநீளத்தில் இயங்கியது. அதன் அலைவாங்கி 75 அடி அகலமும் 25 அடி உயரமும் கொண்டது. ஒரு வீட்டின் முகப்பைவிடப் பெரிதான அப்பொருளை, நிமிடத்துக்கு நான்கு சுற்று என்ற கணக்கில், கூரையேதும் இல்லாமல் குன்றின் உச்சியில் ஓயாமல் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலப் பொறியாளர்களின் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

எனவே வடகடல்நோக்கி அவர்களின் கேள்விக்கு என் முதல் பதில் இது: அடிவானத்தை எந்த வெள்ளை அறிக்கையாலும் மாற்ற முடியாது. வடக்கே பார்க்க வேண்டும் என்ற தேவை இருக்கும்வரை அந்தக் குன்றுக்கு மாற்று கிடையாது. தேவை இருந்ததா என்பதே 2005-இல் எழுந்த கேள்வி.

பதிவு 3: செலவுக்கணக்கு

பழைய ரேடார்காரன் ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பின்னால் நடந்ததை வைத்துக்கொண்டு முன்னால் எடுத்த முடிவைத் தவறு என்பது எளிது. 2005-இல் அந்த அதிகாரிகள் முன்னால் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டாமா?

சோவியத் ஒன்றியம் கலைந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ரஷ்யா தன் தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்களின் வழக்கமான ரோந்தை 1992-இலேயே நிறுத்திவிட்டது. பிரிட்டிஷ் படைகள் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்தன; ஒவ்வொரு பவுண்டும் அங்கே தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தின் பென்பெக்குலாவிலும் புக்கனிலும் வேறு ரேடார்கள் இருந்தன. ஆண்டுக்கணக்கில் எந்த விமானமும் வராத திசையைப் பார்த்துக்கொண்டு, உலகின் மிக மோசமான வானிலையில், குடும்பங்களையும் குடியிருப்பையும் வைத்து ஒரு நிலையத்தைப் பராமரிப்பது அன்றைய கணக்கில் வீண்செலவாகவே தெரிந்திருக்கும். அந்தப் பொறுப்பில் நான் இருந்திருந்தாலும் மூடலுக்கே கையெழுத்திட்டிருப்பேன்.

பதிவு 4: வடகடல்நோக்கி

செலவுக்கணக்கு அவர்களே, உங்கள் வாதத்தின் வலுவை மறுக்கவில்லை. ஆனால் நாள்காட்டியைச் சற்றுப் பாருங்கள். நிலையம் மூடப்பட்டது 2006 ஏப்ரலில். ரஷ்யா தன் தொலைதூர ரோந்துப் பறப்புகளை மீண்டும் தொடங்குவதாக அதன் அதிபர் புதின் அறிவித்தது 2007 ஆகஸ்ட் 17-இல். இடைவெளி 16 மாதங்கள்.

இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோவியத் வடகடற்படையும் குண்டுவீச்சு விமானங்களும் ரஷ்யாவின் வடமேற்கிலுள்ள கோலா தீபகற்பத்திலிருந்து அட்லாண்டிக்குக்குள் இறங்க, கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலுள்ள கடல்வழியைக் கடந்தே ஆக வேண்டும். சாக்சா வோர்ட் அந்த வாயிலின் கிழக்குத் தூண். ஐஸ்லாந்துக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே ஃபாரோ தீவுகளில் சார்ன்ஃபெல்லி என்ற மலையில் டென்மார்க் 1960-களின் தொடக்கத்திலிருந்து ஒரு ரேடாரை இயக்கி வந்தது. அதுவும் 2007-இன் தொடக்கத்தில் மூடப்பட்டது. ஒரே வாயிலை நோக்கியிருந்த இரண்டு கண்கள், ஓராண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. அந்த ஆண்டின் கோடையிலேயே வாயிலில் ஆள்நடமாட்டம் தொடங்கிவிட்டது. ஃபாரோவிலும் இப்போது மீண்டும் ரேடார் அமைக்க 2022-இல் உடன்பாடு எட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

2006-க்குப் பிறகு, வடக்கிலிருந்து ரஷ்யாவின் டியூ-95 ரகக் குண்டுவீச்சு விமானம் வரும்போதெல்லாம் முதலில் நார்வேயின் ரேடார்களும் நார்வே விமானங்களுமே அதைக் கண்டு தகவல் தர வேண்டியிருந்தது. நட்பு நாடுகள்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனாலும் தன் வீட்டு வாசலைப் பார்க்க அண்டை வீட்டுத் திண்ணையை நம்பியிருப்பது நெடுநாள் செல்லுபடியாகும் ஏற்பாடு அன்று.

பதிவு 5: தீவுப்பறவை

அபர்டீனில் வசிக்கிறேன். பறவைகளைப் பார்ப்பதற்காக இருமுறை அன்ஸ்ட் சென்றிருக்கிறேன். ரேடார் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் 'தொலைதூரம்' என்ற சொல்லை நீங்கள் மூவரும் வரைபடத்தில் அளந்துகொண்டிருக்கிறீர்கள். அதைக் காலால் அளந்தவள் என்ற முறையில் சில வரிகள்.

அபர்டீனில் மாலையில் கப்பலேறினால் ஏறத்தாழ 12 மணி நேரத்தில் லெர்விக். அங்கிருந்து சாலை வழியாகச் சென்று, ஒரு படகில் யெல் தீவு, அதைக் குறுக்கே கடந்து இன்னொரு படகில் அன்ஸ்ட். தீவில் மரம் என்று சொல்லத்தக்கது அரிது. கோடையில் நள்ளிரவிலும் வானத்தில் ஒரு மங்கல் வெளிச்சம் நிற்கிறது. குளிர்காலத்தில் பகல் என்பது வந்துவிட்டுப் போகும் விருந்தாளி. ஹெர்மனெஸ் பறவைகள் காப்பகத்தின் பாதையில் ஏறித் திரும்பினால், குடாவுக்கு அப்பால் சாக்சா வோர்ட் தெரியும். உச்சியில் வெண்ணிறக் குமிழ் ஒன்று. மூடுபனி இறங்கினால் அதுவும் இல்லை.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் அந்த இடத்தைப் பற்றிப் பேச முடியாது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்வதை அங்கே மிகை என்று யாரும் நினைக்கமாட்டார்கள். 1992-ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில் வீசிய புயலில், குன்றின் மேலிருந்த காற்றுமானி மணிக்கு 197 மைல், அதாவது சுமார் 317 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டிவிட்டு, பிறகு தானே பறந்துபோயிற்று. அதே புயலில் தீவில் ஒரு குடில் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு, அதில் தங்கியிருந்த சுற்றுலாப் பயணிகள் இருவர் இறந்தனர். பிரிட்டனில் பதிவான மிக வேகமான காற்று அதுதான் என்று அங்கே பெருமையாகச் சொன்னார்கள். இறந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பதிவு 6: பழைய ரேடார்காரன்

சகோதரியின் பதிவு அருமை. ஒரு சிறு திருத்தம் மட்டும். 317 கிலோமீட்டர் என்ற அளவு அதிகாரபூர்வச் சாதனையாக ஏற்கப்படவில்லை. பிரிட்டனின் ஏற்கப்பட்ட உச்சம், 1986 மார்ச் 20-இல் கெய்ர்ன்கார்ம் மலையுச்சியில் பதிவான மணிக்கு 173 மைல். அதாவது 278 கிலோமீட்டர். சாக்சா வோர்ட்டில் 1962 பிப்ரவரியிலும் 177 மைல் அளவு ஒன்று குறிக்கப்பட்டது. அதுவும் பட்டியலில் இல்லை. உடைந்துபோகும் தறுவாயில் ஒரு கருவி சொன்ன எண்ணை வானிலைத் துறை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. அந்த எண்ணைச் சற்றுக் குறைத்தே வைத்துக்கொண்டாலும், அந்தக் காற்றில் அங்கே பணி நடந்தது என்பது மாறாது.

காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். நொடிக்கு 50 மீட்டர் வேகக் காற்று, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர், ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 155 கிலோ எடை அழுத்துவது போன்றது. டைப் 80-இன் அலைவாங்கிப் பரப்பு சுமார் 174 சதுர மீட்டர். அது முழுத் தகடாக இருந்தால் 27 டன் விசை தள்ளும். இடைவெளிகள் உள்ள சட்டகம் என்பதால் உண்மை விசை குறைவு. ஆனால் அது நின்றுகொண்டிருக்கவில்லை, சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் காற்று ஒருமுறை முகத்தில் அறையும், ஒருமுறை முதுகில். அங்கே ஒருமுறை அலைவாங்கியே காற்றில் பிய்த்துக்கொண்டு போனது. எனக்கு அதில் வியப்பில்லை. பிற்காலத்தில் ரேடாரைக் கோளவடிவக் கூட்டுக்குள் வைத்தது அழகுக்காக அல்ல.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் சொல்ல வேண்டும். அதே 1950-களில் அமெரிக்க விமானப்படை, கரையைவிட்டு வெகுதூரம் முன்னே சென்று பார்க்க வேண்டும் என்பதற்காக, அட்லாண்டிக் கடலுக்குள்ளேயே எண்ணெய்த் துரப்பண மேடைகளைப் போன்ற மூன்று ரேடார் கோபுரங்களை நிறுத்தியது. 'டெக்சாஸ் டவர்' என்று பெயர். அவற்றுள் 4 என்று எண்ணிடப்பட்ட கோபுரம் நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் சுமார் 56 மீட்டர் ஆழத்தில் நின்றது. கால்கள் தளர்ந்திருப்பது தெரிந்தும் முழுமையாக ஆட்களை வெளியேற்றவில்லை. 1961 ஜனவரி 15 இரவு, குளிர்காலப் புயலில் அது சரிந்தது. உள்ளே இருந்த 28 பேரும் மாண்டனர். அவர்கள் பழுதுபார்ப்புக்கும் பாதுகாப்புக்கும் விடப்பட்டிருந்தவர்கள். முன்னறிவிப்பு நிலையங்களின் வரலாற்றில் பகைவனின் குண்டால் இறந்தவர்களைவிடக் காற்றாலும் கடலாலும் இறந்தவர்களே என் நினைவில் முதலில் வருகிறார்கள்.

பதிவு 7: செலவுக்கணக்கு

ஐயாவின் ஒப்பீடு என் வாதத்துக்கே துணை செய்கிறது. ஆட்களை அத்தகைய இடத்தில் வைத்திருப்பது செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

வடகடல்நோக்கி சொன்ன 16 மாத இடைவெளி உறுத்தத்தான் செய்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2007-இல் ரோந்து தொடங்கியபின் புதிய ரேடார் இயங்க 2018 வரை ஆயிற்று. பதினோரு ஆண்டு அவர்கள் அது இல்லாமலே சமாளித்தார்கள். ஸ்காட்லாந்தின் லூக்கர்ஸ் விமானத்தளத்திலிருந்தும், 2014 செப்டம்பருக்குப் பிறகு லாசிமவுத்திலிருந்தும் போர்விமானங்கள் எழும்பி ரஷ்ய விமானங்களை எதிர்கொண்டுதான் வந்தன. லூக்கர்ஸிலிருந்து அன்ஸ்டுக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர், லாசிமவுத்திலிருந்து 370. அந்த 130 கிலோமீட்டர் நெருக்கமும் ஒரு வகையில் முன்னறிவிப்புக்கு ஈடான நேரத்தைத் தந்திருக்கும் அல்லவா? ஆகவே மூடியது பேரிழப்பு என்று சொல்ல என்னால் முடியவில்லை. வசதிக்குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பதிவு 8: தீவுப்பறவை

'அவர்கள் சமாளித்தார்கள்' என்கிறீர்கள். எந்த 'அவர்கள்'?

அன்ஸ்ட் தீவின் கணக்கையும் கொஞ்சம் கேளுங்கள். நிலையம் இரண்டு பகுதிகளாக இருந்தது. ரேடாரும் இயக்கக் கட்டிடமும் குன்றின் உச்சியில். உணவுக்கூடம், குடியிருப்பு, அலுவலகம் எல்லாம் கீழே ஹாரால்ட்ஸ்விக் ஊரருகே. வேலிக்குள் அடைபட்ட முகாமாக அது இருக்கவில்லை. படையினரின் பிள்ளைகள் பால்டாசவுண்ட் பள்ளியில் தீவுப் பிள்ளைகளோடு படித்தார்கள். தீவைச் சேர்ந்த பலருக்கு அங்கே சமையலிலும் பராமரிப்பிலும் அலுவலகத்திலும் வேலை இருந்தது. சிலர் தீவிலேயே திருமணம் செய்து தங்கிவிட்டார்கள். கடையில் விற்பனை, பள்ளியில் வகுப்பு, படகில் பயணி என்று ஒவ்வொன்றும் அந்தக் குன்றோடு கட்டப்பட்டிருந்தது.

அதற்குமுன்பே ஓர் அடி விழுந்திருந்தது. வடகடல் எண்ணெய்த் துரப்பண மேடைகளுக்குச் செல்லும் ஹெலிகாப்டர்கள் அன்ஸ்ட் விமானத் திடலிலிருந்து பறந்து வந்தன. 1996-இல் அவை ஷெட்லாந்தின் பெருந்தீவிலுள்ள ஸ்காட்ஸ்டாவுக்கு மாற்றப்பட்டன. பத்தாண்டு கழித்து நிலையமும் போயிற்று. 2001 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை 720, 2011-இல் 632. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைவிட அதிகம் பேர் இருப்பார்கள் என்று சிரிக்கலாம். ஆனால் 720 பேரில் 88 பேர் குறைவது, நம் ஊர்க் கிராமத்தில் ஒரு தெருவே பூட்டிக் கிடப்பதற்குச் சமம்.

நான் அங்கு இரண்டாம் முறை சென்றபோது, பழைய குடியிருப்பு விடுதியாகியிருந்தது. முன்பு படையினர் பயன்படுத்திய கட்டிடத்தில் ஜின் வடிக்கிறார்கள். அதைக் குறைசொல்லவில்லை. கைவிட்டு இடிய விடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் விடுதி கோடைக்கு ஆள் சேர்க்கும். நிலையம் ஜனவரியிலும் சம்பளம் கொடுத்தது.

பதிவு 9: செலவுக்கணக்கு

பாதுகாப்பு நிதி வேலைவாய்ப்புத் திட்டம் அல்ல என்று எழுத வந்தேன். உங்கள் கடைசி வரியைப் படித்தபின் அதை அவ்வளவு கடுமையாக எழுத மனம் வரவில்லை. கொள்கை அளவில் என் நிலை மாறவில்லை என்று மட்டும் பதிந்துவைக்கிறேன்.

பதிவு 10: புதியவன்

இவ்விழையை முதலிலிருந்து படித்தேன். ஓர் எளிய ஐயம். 2018-இல் ரேடார் மீண்டும் வந்ததே, அப்படியானால் அந்த வேலைகளும் குடும்பங்களும் திரும்பி வந்திருக்க வேண்டுமே? தீவுப்பறவை அவர்கள் ஏன் அதைக் குறிப்பிடவில்லை?

பதிவு 11: பழைய ரேடார்காரன்

தம்பி கேட்டது எளிய ஐயம் அல்ல. இந்த வரலாற்றின் முடிச்சே அதுதான்.

பழைய காலத்தில் ரேடாரின் திரையைப் பார்க்க ஆள் அருகிலேயே இருந்தாக வேண்டும். அலைவாங்கி சுழலும், திரையில் ஒளிப்புள்ளி தோன்றும், அதை ஒருவர் கண்ணால் பார்த்து தொலைவையும் திசையையும் வாயால் சொல்ல வேண்டும். உயரத்தைக் கணிக்கத் தனி ரேடார், அதற்குத் தனி ஆள். அங்கு குறித்தெடுத்ததைத் தெற்கே புக்கனுக்கு அனுப்ப வேண்டும்; வானிலை கெட்டால் வானொலித் தொடர்பும் கெடும் என்பதால், காற்றுமண்டலத்தின் கீழடுக்கில் அலையைச் சிதறடித்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பிடிக்கும் நேட்டோ தொடர்பு வலை ஒன்று நார்வேயிலிருந்து துருக்கி வரை அமைக்கப்பட்டது. அதன் நிலையம் ஒன்று ஷெட்லாந்தின் மோசி ஹில் குன்றிலும் இருந்தது. இத்தனைக்கும் மின்னாக்கி, வண்டி, சமையல், மருத்துவம், பனியகற்றுதல் எல்லாம் சேர்ந்தால் ஒரு சிற்றூர் தேவைப்படும்.

இன்றைய ரேடார் அப்படி அன்று. அங்கே இப்போதிருப்பது லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் டிபிஎஸ்-77 வகை. ஒரே அலைவாங்கி தொலைவு, திசை, உயரம் மூன்றையும் தருகிறது. அலைக்கற்றையை மேலும் கீழும் நகர்த்துவது மின்னணுவியல். சட்டகம் பக்கவாட்டில் மட்டும் சுழல்கிறது. ஒளிப்புள்ளியை விமானமாக அடையாளம் காணும் முதல் வேலையைக் கணினி முடித்துவிடுகிறது; கிடைத்த தரவு கம்பி வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் தெற்கே உள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகிறது. திரையின் முன் அமர்ந்திருப்பவர் இங்கிலாந்தில் இருக்கிறார். இத்தகைய நிலையத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே 'தொலைநிலை ரேடார் தலை'. தலை மட்டும் குன்றில், உடல் வேறெங்கோ. பழுது பார்ப்பவர்களும் காவலும் போதும்.

ஆகவே 2006-இல் மூடியது, 2018-இல் திறந்தது என்று சொல்வதே சற்றுப் பிசகு என்பது என் கருத்து. 2018-இல் திரும்பி வந்தது ரேடார். 2006-இல் போனது நிலையம். அது திரும்பவில்லை, இனித் திரும்பப் போவதும் இல்லை. செலவுக்கணக்கு அவர்கள் ஆட்களை அங்கு வைத்திருக்கத் தேவையில்லை என்று சொன்னது சரி. வடகடல்நோக்கி அவர்கள் அங்கிருந்து பார்த்தாக வேண்டும் என்று சொன்னதும் சரி. இரண்டையும் 2005-இலேயே சேர்த்துச் செய்திருக்கலாம் என்பதுதான் என் மனக்குறை. ஆளில்லாத ரேடார் தலைகள் அப்போதே பிரிட்டனில் வேறு குன்றுகளில் இயங்கிக்கொண்டிருந்தன, தொழில்நுட்பம் இல்லாமற்போகவில்லை. அதை அன்றே அங்கும் செய்திருந்தால் இடையிலே பன்னிரண்டு ஆண்டு வெற்றிடம் விழுந்திருக்காது.

பதிவு 12: வடகடல்நோக்கி

ஐயா சொன்னதை ஏற்று, என் முதல் பதிவின் கேள்வியைத் திருத்திக்கொள்கிறேன். படைக்குடியிருப்பைக் கலைத்தது தவறு என்று இப்போது நான் வாதிடமாட்டேன். கண்ணையும் சேர்த்துப் பிடுங்கியது தவறு என்ற அளவில் நிற்கிறேன்.

நிலையத்தின் இலத்தீன் குறிக்கோள் வாசகம் 'ஆபத்துகளை முன்கூட்டி எச்சரிக்கிறேன்' என்று பொருள்படும். அதை எழுதியவர்கள் தங்கள் நிலையத்துக்கே வரப்போகும் முடிவை யாராவது எச்சரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.

அடுத்து ஒரு செய்தி. நான் முதலில் குறிப்பிட்ட ஸ்காவின் போர்க்கால ரேடார் நிலையம், லாம்பா நெஸ் என்ற முனையை ஒட்டி இருந்தது. செங்கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டிடங்களின் மிச்சங்கள் இன்னும் அங்கே நிற்கின்றன, தொல்சின்னமாகப் பாதுகாக்கப்பட்டவை. அதே முனையில்தான் இப்போது சாக்சா வோர்ட் என்ற பெயரைத் தாங்கிய ராக்கெட் ஏவுதளம் எழுந்திருக்கிறது. தொல்சின்னத் துறை முதலில் தடை சொல்லி, 2022-இல் இசைந்தது. 2023 டிசம்பரில் செங்குத்து ஏவுதலுக்கான உரிமம் கிடைத்தது. 2024 ஆகஸ்ட் 19-இல் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் ராக்கெட், எஞ்சின் சோதனையின்போது மேடையிலேயே வெடித்துச் சிதறியது. யாருக்கும் காயமில்லை. வடக்கே தடையில்லாக் கடல் என்பதே இந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். போர்க்காலத்தில் ரேடாரை அங்கே கொண்டுபோனதற்கும் அதே கடல்தான் காரணம்.

பதிவு 13: தீவுப்பறவை

அந்த வெடிப்புக்குப் பிறகு தீவில் உள்ள ஒரு தோழியிடம் தொலைபேசியில் கேட்டேன், பயமாக இல்லையா என்று. காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதைத்தான் முதலில் சொன்னார். பிறகு, ஏவுதளத்தில் தம் உறவினர் மகனுக்கு வேலை கிடைத்திருப்பதாகவும், குளிர்காலத்திலும் அது தொடருமா என்று இன்னும் யாரும் உறுதி சொல்லவில்லை என்றும் சொன்னார்.